வீட்டுக்குப் பின்னால் பொது நடைபாதை: வேலி போட்டுத் தடுக்கலாமா?

கேள்வி: மிசூரியில், செயின்ட் லூயிஸ் பக்கம், 2021-ல் வீடு வாங்கினோம். தோட்டத்தை ஒட்டி ரயில் ஓடாத பழைய பாதை. தண்டவாளத்தைக் கழற்றிய பிறகு அந்த இடத்திலும் நாங்கள்தான் புல் வெட்டி, வெண்டை, கத்தரி போட்டு, ஒரு ஷெட்டும் வைத்திருக்கிறோம். இப்போது சர்வேயர் வந்து இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகளை நட்டிருக்கிறார், நடைபாதை வருகிறதாம். 2014-ல் சுப்ரீம் கோர்ட் நிலக்காரருக்குத்தான் சாதகமாகச் சொன்னது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வேலி போடலாமா? ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து 'இழப்பீடு வாங்கித் தருகிறோம்' என்று கார்டும் வந்திருக்கிறது.

பதில்: வேலி வேண்டாம். அந்தக் குச்சிகளையும் பிடுங்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்தது பிராண்ட் வழக்கு. நிஜமான தீர்ப்புதான், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் எதிர்ப்பு. ஆனால் அது வயோமிங்கில், 1875 சட்டப்படி மத்திய அரசு தன் நிலத்தில் ரயில்வேக்குக் கொடுத்த வழியைப் பற்றியது, அந்தப் பாதை முறைப்படி கைவிடப்பட்டும் விட்டது. உங்கள் பின்பக்கம் நடப்பது அநேகமாக 'ரயில்பேங்கிங்'. தேசிய நடைபாதைகள் சட்டத்தில் 1983-ல் கொண்டுவந்த திருத்தம் சொல்வது இதுதான்: ஓர் அமைப்பு பாதையைப் பொறுப்பேற்று நடைபாதையாக வைத்துக்கொண்டால், நாளைக்கு ரயில் திரும்பி வரலாம் என்ற கணக்கில், அந்த லைன் கைவிடப்பட்டதாகவே ஆகாது. கைவிடப்படாத வரை இடம் உங்களிடம் திரும்பாது. இத்தனை வருஷமாக நான்தானே புல் வெட்டினேன் என்ற வாதமும் பெரும்பாலும் எடுபடாது.

சரி, அப்போது ஒன்றுமே கிடைக்காதா? பணம் கிடைக்கலாம். வெர்மான்ட்டின் பிரசோ தம்பதி வழக்கில் 1990-ல் சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டம் செல்லும் என்றது, கூடவே இழப்பீடு கேட்கும் வழி திறந்திருக்கிறது என்றும் சொன்னது. 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் நிலம் எடுக்கப்பட்டது உண்மை என்று தீர்த்தது. கேட்க வேண்டியது கவுண்டியிடம், அதாவது உள்ளூர் நிர்வாகத்திடம் அல்ல, மத்திய அரசிடம், வாஷிங்டனில் இருக்கும் கோர்ட் ஆஃப் ஃபெடரல் க்ளெய்ம்ஸில்.

எல்லாம் இரண்டு விஷயத்தில் நிற்கிறது. ஒன்று, ரயில்வேக்கு அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த பத்திரம். கவுண்டி பதிவு அலுவலகத்தில் நகல் கேளுங்கள், பாதி கையெழுத்தாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். நிலத்தையே விற்றிருந்தால் உங்களுக்கு அதில் எதுவும் இல்லை. ரயில் ஓட வழி மட்டும் கொடுத்திருந்தால், அடிநிலம் பாதையை ஒட்டிய நிலக்காரருக்கு, பெரும்பாலும் பாதையின் நடுக்கோடு வரை. மிசூரியில் பேருக்கு ஒரு டாலர் போட்டு எழுதிய பத்திரங்கள் நிறைய. உருப்படியான விலை கைமாறாமல் கொடுத்ததை அங்கே வெறும் வழியுரிமையாகத்தான் பார்க்கிறார்கள், அதனால் அந்த ஒரு டாலர் வரி கண்ணில் பட்டால் சந்தோஷப்படலாம்.

இரண்டாவது தேதி, பலர் தோற்பது இதில்தான். ரயில் பாதைகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன் போர்டு 'இடைக்கால நடைபாதைப் பயன்பாட்டு அறிவிப்பு' ஒன்றை வெளியிடும், வக்கீல்கள் 'நிட்டு' என்பார்கள். ஆறு வருஷக் கெடு அந்த முதல் அறிவிப்பிலிருந்து ஓடுகிறது, சர்வேயர் வந்த நாளிலிருந்தோ தார் போட்ட நாளிலிருந்தோ அல்ல. அன்றைக்கு நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் இழப்பீடு. நீங்கள் 2021-ல் வாங்கியிருக்கிறீர்கள், அறிவிப்பு 2019-ல் வந்திருந்தால் பணம் விற்றவருக்கு. போர்டின் இணையதளத்தில் லைன் பெயரைப் போட்டுத் தேடினால் தேதி கிடைக்கும், இதற்குக் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டியதில்லை.

அந்த கார்டு மோசடி என்று சொல்ல மாட்டேன், இந்த வழக்குகளில் அப்படித்தான் ஆள் சேர்ப்பார்கள். ஜெயித்தால் நியாயமான வக்கீல் கட்டணத்தை அரசே தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதையும் வாங்கிக்கொண்டு உங்கள் தொகையிலும் பங்கு எடுப்பார்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள்.

பத்திர நகலும் அறிவிப்புத் தேதியும் கைக்கு வந்ததும் எழுதுங்கள். ஷெட்டை அதற்கு முன்பே உங்கள் பக்கம் நகர்த்திவிடுங்கள். வெண்டை இந்த சீசன் காய்த்து முடியட்டும், ஆட்கள் வந்து இறங்கினால் மட்டும் தகராறு பண்ணாதீர்கள்.