மச்சினன் இஎம்ஐயும் நெஞ்செரிச்சல் ஆபரேஷனும்

கேள்வி: ஈரோட்டுல ஒரு ஜவுளி கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், வயசு 39, கைக்கு 42,000 வருது. எட்டு வருஷமா நெஞ்செரிச்சல், பேன்டோபிரசோல்ங்கற அசிடிட்டி மாத்திரை போடாம ஒரு நாள் ஓடாது, ராத்திரி ரெண்டு தலகாணி வச்சு பாதி உக்காந்துதான் தூங்குறேன். வயித்தோட மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறி நிக்கற ஹையாட்டஸ் ஹெர்னியாவும் இருக்கு, லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் பண்ணிக்கலாம், 2,20,000 ஆகும்ங்கறாங்க. ஆஸ்பத்திரியிலயே நோ காஸ்ட் இஎம்ஐ இருக்காம். மச்சினன் கடைக்காக என் பேர்ல 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் குடுத்தேன், 14 மாசத்துல அவன் ரெண்டு மாசம்தான் கட்டினான். ஹெல்த் பாலிசியில 3 வருஷமா ஒரு ரூபா கிளைம் பண்ணல, அடுத்த மாசம் 18 ரினிவல், விட்டுடலாமா?

பதில்: தம்பி, உங்க லெட்டர்ல கடைசி வரியைப் படிச்சுட்டுதான் எனக்கு பக்குனு ஆச்சு. பாலிசி எடுக்கும்போதே அசிடிட்டி இருக்குன்னு ஃபார்ம்ல எழுதிக் குடுத்தேன்னு சொல்லியிருக்கீங்க, ரொம்ப நல்ல வேலை, பாதிப் பேரு மறைச்சுட்டு அப்புறம் அழுவாங்க. ஏற்கனவே இருக்கற நோய்க்கு கிளைம் தராம காத்திருக்க வைக்கற காலம் 3 வருஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னு 2024ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ மாத்திடுச்சு, முன்னாடி 4 வருஷம். அப்போ உங்க காத்திருப்பு முடியறதே அந்த 18ஆம் தேதிதான், அன்னைக்குப் பாத்து விடறேங்கறீங்க! தேதி தாண்டியும் பிரீமியம் கட்ட விடற கிரேஸ் பீரியட் 30 நாளும் தாண்டிட்டா திரும்ப முதல்ல இருந்து.

பிரீமியம் போன வருஷம் 18,900 கட்டினீங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி கிடையாது, கம்பெனி ரேட் ஏத்தலன்னா 16,000 பக்கம் வரும். அந்தப் பணம் கையில இல்லாம போனது எதனாலன்னு பாருங்க, மச்சினன் லோன் இஎம்ஐ 10,550, அதை 12 மாசம் நீங்க கட்டினதே 1,26,600. எட்டு வருஷ பிரீமியம் அது. இதுக்கு மேல 2,20,000ஐ 24 மாசமா பிரிச்சா மாசம் 9,170, ரெண்டும் சேர்ந்து 19,700, வாடகை 11,000 போக கையில 11,300 நிக்கும், அதுல மூணு பேரு சாப்பிடணும். நோ காஸ்ட்னு பேருதான், பிராசஸிங் ஃபீஸ், அதுக்கு ஜிஎஸ்டினு எங்கயாவது ஒட்டிட்டு வரும், இந்த மாசமே டேட் குடுங்கன்னு ஆஸ்பத்திரியில அவசரப்படுத்தறதே எனக்குப் பிடிக்கல.

டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, ஒன்றரை மாசம் தள்ளினா ஆபத்தா? முழுங்க முடியல, எடை குறையுது, மலம் கருப்பா போகுதுன்னா பணத்தைப் பாக்காதீங்க, உடனே போங்க. அப்படி ஒண்ணும் இல்லன்னா தள்ளுங்க. உணவுக்குழாய் அழுத்தத்தைப் பாக்கற மேனோமெட்ரி, அமிலம் எவ்வளவு மேல வருதுன்னு பாக்கற 24 மணி நேர பிஎச் டெஸ்ட் ரெண்டையும் 18க்கு அப்புறமே வச்சுக்கோங்க, அட்மிட் ஆகறதுக்கு முந்தின 30 நாள் பில்லை நிறைய பாலிசியில சேர்த்துக் கேக்கலாம். ஹெர்னியாவுக்குத் தனியா எத்தனை மாசம், இப்ப கவர் ஆகுமான்னு கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல வாங்கிடுங்க, போன்ல சொன்னது செல்லாது.

ரூம் வாடகையும் பாருங்க. உங்க பாலிசி லிமிட் ஒரு நாளைக்கு 5,000, நீங்க 8,000 ரூம்ல படுத்தா ரூமோட சேர்ந்த டாக்டர் ஃபீஸ், தியேட்டர் எல்லாத்துலயும் எட்டுல அஞ்சு பங்குதான் குடுப்பாங்க. அது 1,60,000னு வச்சுக்கிட்டா 60,000 உங்க பாக்கெட்ல இருந்து.

யூடியூப்ல பாத்த காந்த வளையம், அதான் அமிலம் மேல வராம உணவுக்குழாயோட அடியில மாட்டறது, அது பத்தியும் கேட்டிருந்தீங்க. அமெரிக்காவுல 2012லயே அனுமதி வாங்கினதுதான், ஆனா விலை ஜாஸ்தி, ஆஸ்பத்திரி பாக்கேஜுக்கு வெளிய போயிடும். வயித்தோட மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுத்தி மடிச்சுத் தைக்கற நிஸன் முறை 1956ல வந்தது, உங்க எஸ்டிமேட்டும் அதுக்குத்தான். அதுலயும் சில பேரு கொஞ்ச வருஷத்துல திரும்ப மாத்திரைக்கு வர்றாங்க, ஏப்பம் விட முடியாம வயிறு உப்புற தொந்தரவும் உண்டு, இனிமே மருந்து செலவே இல்லன்னு கணக்குப் போட்டுடாதீங்க.

மச்சினன் இப்ப கடைக்கு எல்இடி போர்டு வைக்க தன் அக்கா நகையை அடகு கேக்கறானாம். பிரீமியம் கட்டின ரசீது கையில வந்தப்புறம் அவனுக்கு போன் போடுங்க, வீட்டுக்காரம்மாவையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, நகை கிடையாது, அடுத்த மாசம் அஞ்சாம் தேதியில இருந்து 10,550 என் அக்கவுண்டுக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்க, முழுசா முடியலன்னா பாதியாவது.