தம்பி படுத்தே கிடக்கிறான்

வணக்கம் ஐயா,

பெயர் வேண்டாம். பெரம்பூரில் இருக்கிறோம். தம்பிக்கு 24 வயது. ஒரு வருடமாக மெத்தபெட்டமைன் பழக்கம். மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்தான், ஆறு வாரமாகத் தொடவில்லை. ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். வேலைக்குப் போ என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். பிரியாணி வாங்கி வந்தாலும் ருசியே இல்லையாம். ‘எல்லாம் திமிரு, இன்னும் மூணு மாசம் உள்ளே போட்டாதான் சரிப்படுவான்’ என்கிறார் அப்பா. அம்மா மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். எதிர் மாடியிலிருந்து யாரோ தன்னைப் படம் எடுப்பதாகச் சொல்லி ஜன்னலில் பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். என்ன செய்வது?

ஒரு அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் இல்லை. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தம்பி படுத்துக் கிடப்பதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, ஜன்னல் பேப்பரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். இந்தப் போதைப்பொருள் சந்தேகத்தையும், காதில் குரல் கேட்பதையும் உண்டாக்கக்கூடியது. நிறுத்திய சில நாட்களில், அல்லது சில வாரங்களில், பெரும்பாலோருக்கு அது அடங்கிவிடும். ஆறு வாரம் கழித்தும் இருக்கிறது என்றால் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். போதையின் விளைவே நீடிக்கலாம், அல்லது அடியில் வேறொரு மனநோய் இருந்து இப்போது வெளிப்பட்டிருக்கலாம். கொஞ்ச காலம் கவனித்துப் பார்த்துத்தான் மருத்துவரே சொல்ல முடியும். இரண்டில் எதுவானாலும் மருந்து உண்டு. ‘முதலில் போதை முழுசாகப் போகட்டும், மனசை அப்புறம் பார்ப்போம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் நடக்க வேண்டும். அதுவரை ‘யாரும் படம் எடுக்கலடா’ என்று அவனோடு மல்லுக்கட்ட வேண்டாம். ‘உனக்குப் பயமா இருக்கா?’ என்று கேளுங்கள், போதும்.

கீழ்ப்பாக்கம் என்றதும் அம்மா பதறுவார். இந்த ஊரில் அந்தப் பெயரை வைத்துக் கேலி பேசியே தலைமுறைகளைக் கடத்திவிட்டோம். 1794இல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையில் ஓ.பி.யில் காட்டிவிட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். போதை சிகிச்சைக்கென்றே 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அடையாற்றுப் பக்கம் இருக்கிறது. அங்கே குடும்பத்தாருக்கும் தனியாக வகுப்பு உண்டு. அப்பாவை எப்படியாவது அதில் உட்கார வையுங்கள்.

சரி, படுக்கைக்கு வருவோம். மகிழ்ச்சியையும் ஊக்கத்தையும் தரும் டோபமைன் என்ற வேதிப்பொருளை மெத்தபெட்டமைன் மூளையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நிறுத்தியதும் எதிலும் ருசி இருக்காது; பிரியாணியிலும்தான். மூளையைப் படம் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் இருந்தவர்களின் மூளையில் டோபமைன் சார்ந்த சேதம் ஓரளவு சரியாகியிருந்தது. ஆக, நீங்கள் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். திமிர் என்று அப்பா நினைப்பது நோயின் ஒரு கட்டம். இந்தக் கட்டத்தில்தான் தற்கொலை எண்ணமும் வரும். அவனிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.

ஹெராயினுக்கு இருப்பது போல இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. 2021இல் நால்ட்ரெக்ஸோன் ஊசியையும் புப்ரோபியன் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம், ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி ஊசியும் மாத்திரையும் பெற்றவர்களில் 2.5. முன்னேற்றம்தான், ஆனால் அதிசயம் இல்லை. இருப்பவற்றில் அதிகம் பலிப்பது, சிறுநீர்ப் பரிசோதனையில் போதை இல்லை என்று வரும்போதெல்லாம் கையோடு ஒரு சிறு பரிசு தருவது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 2011 முதல் இதைச் செய்கின்றன. ‘ஒழுங்கா இருக்கறதுக்கு லஞ்சமா?’ என்பார் அப்பா. மூன்று மாதம் உள்ளே போட ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் மலிவான லஞ்சம்தான்.

‘உள்ளே போடுவது’ அப்பா நினைக்கிற மாதிரி எளிதும் இல்லை. போதையால் வரும் மனநலப் பாதிப்பும் 2017 மனநலச் சட்டத்துக்குள் வருகிறது. நோயாளியின் சம்மதமில்லாமல் சேர்ப்பதற்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். முதல் முறை 30 நாள் வரைதான். சங்கிலியால் கட்டுவது குற்றம். அடித்துத் திருத்தும் இடம் எதுவானாலும், எத்தனை பேர் சிபாரிசு செய்தாலும், வாசல் ஏறாதீர்கள்.

போலீஸ் பயம் வேண்டாம். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தானாக முன்வந்து சிகிச்சை பெறும், போதைக்கு அடிமையானவருக்கு, பயன்படுத்தியது, சிறிய அளவு வைத்திருந்தது போன்ற வழக்குகளிலிருந்து விலக்குத் தரப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது.

அம்மா கட்டிய கயிறு கையிலேயே இருக்கட்டும், அதற்காக ஒரு சண்டை வேண்டாம். டாக்டரிடம் போகும்போது பழைய மாத்திரைச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது எடுத்தான், கூடவே கஞ்சாவும் குடியும் உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கஞ்சாவும் சந்தேகத்தைக் கிளப்பும். ஐந்து நிமிடமாவது அவனை மருத்துவரோடு தனியாக விட்டுவிட்டு நீங்கள் வெளியே வந்து உட்காருங்கள். அக்கா முன்னால் சொல்ல முடியாதது அவனுக்கு நிறைய இருக்கும்.