நாடாவுக்கு எட்டாத இழப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாம்பழ மழையோடு வந்த காற்றில், அல்சூரில் எங்கள் தெருவின் பெரிய தூங்குமூஞ்சி மரம் பாதி ஒடிந்துவிட்டது. விழுந்த கிளைகளை அறுத்து லாரியில் கொண்டுபோய்விட்டார்கள். அடிமரம் நிற்கிறது, துளிர்க்கவும் தொடங்கியிருக்கிறது. "மரம் சாகவில்லை, அதனால் கார்பன் கணக்கில் மாற்றமில்லை" என்கிறார்கள் எங்கள் குடியிருப்பில் மரக் கணக்கு எடுப்பவர்கள். காட்டிலும் இப்படித்தானா? ஒடிந்த மரத்தை எப்படி அளப்பது?

செல்வி, பெங்களூரு

அன்புள்ள செல்வி,

மாற்றம் உண்டு, அது சிறியதும் அல்ல. காட்டிலும் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் பார்த்துவந்தார்கள்.

வழக்கமான கணக்கெடுப்பில், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி மரத்தின் விட்டத்தை எடுப்பார்கள். வெப்பமண்டல மரங்களுக்கு 2014 முதல் பரவலாகப் பயன்படும் சூத்திரம் இது: சென்டிமீட்டரில் விட்டத்தின் வர்க்கம், மீட்டரில் உயரம், கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவில் கட்டையின் அடர்த்தி மூன்றையும் பெருக்கி, 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673ஆல் பெருக்க வேண்டும். விட்டம் 60 செ.மீ., உயரம் 30 மீட்டர், அடர்த்தி 0.6 உள்ள மரத்துக்குச் சுமார் 3,340 கிலோ உலர் எடை வரும். அதில் 47 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1,570 கிலோ, கார்பன்.

இந்த மரம் 18 மீட்டரில் முறிந்து, மேற்பகுதி முழுவதும் விழுந்துவிட்டது என்று வையுங்கள். நெஞ்சுயரத்தில் விட்டம் அதே 60தான். அடுத்த முறை வருபவர் நாடாவைச் சுற்றி, "உயிருடன் உள்ளது" என்று குறித்து, விட்டத்தை வைத்தே உயரத்தையும் கணித்து, அதே 3,340 கிலோவைப் பதிந்துவிடுவார். நிற்கும் தண்டை மட்டும் அளந்து பாருங்கள். முறிந்த இடத்தில் விட்டம் 40 செ.மீ. என்றால், இரு முனைகளின் குறுக்குப் பரப்பின் சராசரி 0.204 சதுர மீட்டர். அதை 18ஆல் பெருக்கினால் 3.68 கன மீட்டர். கன மீட்டருக்கு 600 கிலோ என்றால் 2,200 கிலோ. ஒரு டன்னுக்கு மேல் காணோம்! சூத்திரத்தில் உயரத்தை மட்டும் 18 என்று மாற்றிப் போட்டாலும் சரிவராது, 2,030 என்று குறைத்துக் காட்டும். அந்தச் சூத்திரம் நுனிவரை சிறுத்துப்போகும் முழு மரத்துக்கானது, தலை போன தண்டுக்கு அல்ல.

ஏழு வெப்பமண்டலக் காடுகளில், ஆண்டுதோறும் மரங்களைப் பார்த்து எடுத்த சுமார் ஒன்றரை லட்சம் பதிவுகளை வைத்து 2023இல் வெளியான ஆய்வு இதைத்தான் அளந்தது. தரைக்கு மேலுள்ள உயிர்த்திரள் (மரங்களின் உலர் எடை) இழப்பில் 42 சதவீதம், உயிருள்ள மரங்கள் ஒடிவதாலும் உள்ளே மட்குவதாலும் நேர்கிறது. பழைய முறையில் இது விடுபட்டுப்போகிறது. இன்னொரு பிழையும் சேர்கிறது. ஏற்கெனவே பாதியை இழந்த மரம் பிறகு சாகும்போது, முழு மரமும் அன்றே போனதாக எழுதிவிடுகிறார்கள். அதனால் சாவுக் கணக்கு மிகுந்தும், மொத்த இழப்பு குறைந்தும் தெரிகிறது.

ஒடிந்த கிளையின் கார்பன் அன்றே காற்றில் கலந்துவிடுவதில்லை. ஈரத் தரையில் கிடந்தால் பூஞ்சையும் கரையானும் விரைவில் தின்கின்றன. கொடியில் சிக்கி அந்தரத்தில் தொங்கும் கிளை காய்ந்தே இருப்பதால் மெதுவாக மட்கும். உங்கள் தெருக் கட்டைகளை அடுப்பில் வைத்தால் சில மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. நிற்கும் மரத்தில்தான் நீண்ட இழப்பு. பிளந்த காயத்தின் வழியே பூஞ்சை உள்ளே போய் வைரம் எனப்படும் நடுக்கட்டையைத் தின்று பொந்தாக்கும், வெளியே நாடாவின் அளவோ குறையாது. இலை குறைந்துவிட்டதால், சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் மரம் துளிர்க்கிறது. ஒடிந்த மரம் அடுத்த சில ஆண்டுகளில் சாகும் வாய்ப்பும் அதிகம்.

நம் ஊர் இந்திய அறிவியல் கழகம் முதுமலையில் 1988இல் 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுப் பரப்பை அமைத்து, 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டையும் பின்தொடர்கிறது. அங்கே காற்றோடு யானையும் மரத்தை ஒடிக்கிறது, தீயும் சுடுகிறது.

இனி உங்கள் மரம். தூங்குமூஞ்சி கிளைகளாகவே பரந்து விரிவது. காட்டுச் சூத்திரம் அதற்கு ஒத்துவராது. கிளைகளைக் கொண்டுபோயிருந்தாலும் காயம் இருக்கிறதே. அதன் விட்டத்தை அளந்து, அதே பருமனுள்ள கிளை ஒன்றை அதே மரத்தில் தேடி, துண்டு துண்டாகப் பிரித்து, மேலே தண்டுக்குப் போட்டதுபோலவே கணக்கிடுங்கள். ஒரு முனை 30, மறுமுனை 20 செ.மீ. உள்ள 4 மீட்டர் துண்டு 0.204 கன மீட்டர். அடர்த்தி 0.5 என்று கொண்டால் 102 கிலோ, கார்பன் 48 கிலோ. பச்சைக் கட்டையைத் தராசில் நிறுத்தி அந்த எடையைப் போட்டுவிடாதீர்கள். அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர்.

ஒன்றை உடனே செய்யுங்கள். கிழிந்து தொங்கும் முனையை அப்படியே விட்டால் அழுகல் உள்ளே இறங்கும். ஆள் வைத்து அறுக்கும்போது, கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம்போல் தடித்திருக்கும் பகுதியைத் தொடக்கூடாது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் அடிப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுக்க வேண்டும். சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிட வேண்டும். கடைசியாக, எஞ்சிய குட்டைத் துண்டை வளையத்தின் வெளிவிளிம்பை ஒட்டி எடுக்க வேண்டும். கீழ்வெட்டு இல்லாமல் மேலிருந்தே அறுத்தால், விழும் கிளை தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். காயத்தின் மேல் தாரோ பெயிண்டோ பூச வேண்டாம். அழுகல் அதனால் நிற்காது.