வாடகை அறையில் சத்தமில்லாமல் பேஸ் கிட்டார் பழகுவதற்குக் கையடக்கமான ஹெட்போன் சாதனம் எதை வாங்கலாம்? என்னிடமுள்ள புளூடூத் இயர்போன் போதுமா?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். புளூடூத் இயர்போன் போதாது. அது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் போதாது. நீங்கள் தந்தியைச் சுண்டும் கணத்துக்கும் அந்த ஒலி காதில் விழும் கணத்துக்கும் நடுவே, சாதாரண புளூடூத் தொடர்பில் 100 முதல் 200 மில்லிசெக்கன் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் தாமதம் ஏற்படும். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்லும் என்று கணக்கிட்டால், 150 மில்லிசெக்கன் தாமதம் என்பது ஸ்பீக்கரை ஐம்பது மீற்றருக்கு அப்பால், ஒழுங்கை முனையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்து வாசிப்பதற்குச் சமம். பாட்டுக் கேட்பதற்கு அது குறையாகத் தெரியாது. தாழ்ந்த சுரங்களால் தாளத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பேஸ் வாசிப்பவருக்கோ அது விரலின் பழக்கத்தையே பழுதாக்கிவிடும்.

நீங்கள் வாடகை அறை என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். வேலை முடிந்து வந்து இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் கிட்டாரைக் கையில் எடுக்கிறீர்கள் என்றும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் உறங்குகிறது என்றும் நான் ஊகித்துக்கொள்கிறேன், ஏனெனில் என்னுடைய நிலைமையும் அதுவாகத்தான் இருந்தது. 2019இல் மட்டக்களப்பில், கல்லடி உப்போடையில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தேன். மறுபாதியில் வயதான ஒரு பெரியம்மா தனியாக இருந்தார். என்னிடம் இருந்தது 15 வாட் சிறிய அம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) ஒன்றுதான். அதன் ஒலியைக் கடைசி மட்டத்துக்குக் குறைத்துவைத்துத்தான் வாசிப்பேன். முற்றத்தில் நின்றால் ஏதும் கேட்காது என்று நானே வெளியில் போய்ப் பார்த்து உறுதிசெய்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் அவர் வேலிப்பக்கம் என்னைக் கூப்பிட்டார். "மனே, சத்தம் எனக்குப் பிரச்சினையில்ல. ஆனா ராவைக்கு என்ட அலுமாரிக் கண்ணாடி நடுங்குது. என்னண்டு வந்து பாரு மனே" என்றார். அன்றிரவு என் நண்பன் ஒருவனை அம்புக்கு முன்னால் இருத்திவிட்டு, நான் அவருடைய அறைக்குள் போய் நின்றேன். நண்பன் ஒவ்வொரு சுரமாக வாசித்துக்கொண்டு வந்தான். ஏ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டுக்கு (கழுத்திலுள்ள சுரக்கட்டுக்கு) வந்ததும், அதுவரை ஊமையாக இருந்த அலுமாரிக் கண்ணாடி தன் சட்டத்துக்குள் 'ட்ர்ர்ர்' என்று அதிரத் தொடங்கியது. அவன் விரலை எடுத்ததும் நின்றது. அடுத்த சுரத்துக்கு அசையவே இல்லை. அந்தச் சுரத்தின் அதிர்வு 65 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 65 தடவை அளவு. அந்தக் கண்ணாடியின் இயல்பான அதிர்வும் அதற்கு அண்மையில் இருந்திருக்கிறது. பேஸின் அடித்தந்தியான ஈ இன்னும் கீழே, 41 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. அதன் அலைநீளம் எட்டு மீற்றருக்கு மேல். ஒற்றைக்கல் சுவரும் பலகைக் கதவும் பேச்சொலியை ஓரளவு மறிக்குமே தவிர, இவ்வளவு நீண்ட அலையை மறிக்காது. ஆகவே "சத்தத்தைக் குறைத்து வாசியுங்கள்" என்று உங்களுக்கு யாராவது ஆலோசனை சொன்னால், அவர் வாசிப்பது சாதாரண கிட்டாராக இருக்க வேண்டும். பேஸுக்கு ஹெட்போனைத் தவிர வேறு வழி இல்லை.

அன்றோடு அம்பை மூடிவைத்தேன். அடுத்ததாக நான் செய்த பிழைதான் இந்தப் பதிலை எழுத என்னைத் தூண்டியது. பணத்தைச் சேமிக்கலாம் என்று எண்ணி, கிட்டாரைப் போனில் பொருத்துகிற மலிவான இணைப்பி ஒன்றையும், போனோடு வந்த வயர் இயர்போனையும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் பழகினேன். எனக்குக் குறையே தெரியவில்லை. அடித்தந்தி நன்றாகக் கேட்கிறது என்றே நம்பினேன். பிறகு ஒரு கோயில் திருவிழா இரவில், எங்கள் குழுவின் இசை நிகழ்ச்சியில், 18 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் இருபுறமும் நான்கு நான்காக அடுக்கியிருந்த மேடையில் வாசித்தேன். இரண்டாவது பாட்டிலேயே ஒலிக்கட்டுப்பாட்டில் இருந்தவர் மேடையோரமாக ஓடிவந்து, "தம்பி, அடித்தந்தி ஓயாம இரையுது, அமத்திப் பிடிங்க" என்றார். நான் மேல் தந்திகளில் வாசிக்கும்போதெல்லாம் அடித்தந்தி தன்பாட்டில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று மாதமும் அது என் அறையில் அப்படித்தான் ஒலித்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. அன்றிரவு பாடியவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

காரணத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அந்தச் சிறிய இயர்போனால் 41 ஹேர்ட்ஸை ஒலிக்கச் செய்ய முடியாது. ஆனால் அதே தந்தியிலிருந்து எழும் 82, 123 ஹேர்ட்ஸ் துணை அதிர்வுகளை அது தருகிறது. மூளை அவற்றைக் கொண்டு இல்லாத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. சுரம் எது என்று தெரியும். அது எவ்வளவு பலமாக இருக்கிறது, எப்போது நிற்கிறது என்பது தெரியாது. அடித்தந்தியை அமத்திப் பிடிப்பதும், சுரத்தை உரிய இடத்தில் நிறுத்துவதும் பேஸ் வாசிப்பில் பாதி வேலை. அந்தப் பாதியை நான் மூன்று மாதமாகக் குருட்டுத்தனமாகப் பழகியிருந்தேன்.

ஆகவே என் பதில் இதுதான்: நீங்கள் கேட்ட ஹெட்போன் சாதனத்தை வாங்குவதற்கு முதல் நல்ல ஹெட்போனை வாங்குங்கள். கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குங்கள். காது முழுவதையும் மூடுகிற, பின்புறம் அடைத்த, வயர் உள்ள ஹெட்போனாக இருக்கட்டும். ஓடியோ டெக்னிக்காவின் எம்40எக்ஸ், சோனியின் எம்டிஆர் 7506 போன்றவை ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலமாகப் புழங்குபவை. முன்னதன் மின்தடை 35 ஓம், பின்னதற்கு 63 ஓம். இந்த அளவுகளைச் சிறிய பற்றரிச் சாதனங்கள் சிரமமின்றி இயக்கும். அதே நேரம் 250 ஓம் என்று குறிப்பிட்ட ஹெட்போனை, எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், இந்தத் தேவைக்கு வாங்காதீர்கள். சிறிய சாதனத்தில் அது போதிய ஒலி தராது.

கடையில் போட்டுப் பார்க்கும்போது ஒன்றைச் செய்யுங்கள். பேஸ் தெளிவாக உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் ஹெட்போனைக் காதோடு மெதுவாக அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் பெருகினால், அது உங்கள் தலைக்குச் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். நான் கண்ணாடி அணிபவன். கண்ணாடியின் கம்பி காதருகே ஏற்படுத்தும் மெல்லிய இடைவெளி ஒன்றே அடிச்சுரத்தைக் கசியவிடப் போதுமானது என்பதை இப்படித்தான் கண்டுகொண்டேன். இதற்காகவே 'பாடுமீன்' இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், நான்கு ஹெட்போன்களைப் போட்டுப் பார்த்து ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு ஹெட்போனுக்கு இவ்வளவு தூரமா என்று வீட்டில் கேட்டார்கள். சோதனைக்கு நான் பயன்படுத்தியவை இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகள். அவற்றில் பலவற்றில் சசிதரன் வாசித்த பேஸ், பாடகரின் குரலுக்குக் கீழே தனியாக இன்னொரு பாட்டாகவே போகும். பழைய இயர்போனில் அது டிரம்மின் அடியோடு ஒட்டிக் கிடந்தது. புதிய ஹெட்போனில் எந்தச் சுரம் எங்கே முடிகிறது என்பது வரைக்கும் கேட்டது.

நம்முடைய ஊரின் புழுக்கத்தையும் நினைவில் வையுங்கள். செயற்கைத் தோல் மெத்தை வியர்வையில் ஊறி ஓரிரு வருடங்களில் உரியத் தொடங்கும். மெத்தையைத் தனியாக வாங்கி மாற்றக்கூடிய ஹெட்போனாகத் தேர்ந்தெடுங்கள். துணி மெத்தை குளிர்மையாக இருக்கும், ஆனால் அடிச்சுரம் கசியும்.

இனி நீங்கள் கேட்ட ஹெட்போன் சாதனம், அதாவது ஹெட்போனுக்கான சிறிய அம்ப். நேரே கிட்டாரின் ஜாக்கில் (வயர் செருகும் துளையில்) செருகுகிற, தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய சாதனங்கள் உங்களுக்குப் போதும். வொக்ஸ் அம்ப்ளக்கின் பேஸ் வகை இரண்டு டிரிபிள் ஏ பற்றரியில் இயங்குகிறது. அதன் இரண்டாம் பதிப்பில் பழகுவதற்கான தாள வடிவங்கள் ஒன்பதும் உண்டு. ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ மின்னேற்றிப் பாவிப்பது, ஒரு தடவை ஏற்றினால் ஆறு மணி நேரம் வரை வரும். அதில் புளூடூத் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். போனிலிருந்து பாட்டை உள்ளே வாங்குவதற்குத்தான் அது. உங்கள் வாசிப்பு வயர் வழியாகவே காதுக்கு வருகிறது. நான் பற்றரி வகையையே விரும்புகிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில், மெழுகுதிரி வெளிச்சத்தில் எனக்குப் பழக முடிந்தது அதனால்தான். அதோடு, நிலத்தொடுப்பு ஒழுங்காக இல்லாத பழைய வீடுகளில் மின்னேற்றியோடு இணைத்த மடிக்கணினியின் வழியாக வாசித்தால் வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல், பற்றரியில் இயங்கும் சாதனத்தில் இராது.

வொக்ஸ் போலக் கிட்டாருக்கும் பேஸுக்கும் தனித்தனி வகை உள்ள சாதனமென்றால், பெட்டியில் 'பேஸ்' என்று எழுதியிருப்பதை உங்கள் கண்ணால் பார்த்து வாங்குங்கள். தொலைபேசியில் இரண்டு தடவை தெளிவாகச் சொல்லிப் பணமும் அனுப்பிய பிறகு, ஒரு கடை எனக்குச் சாதாரண கிட்டாருக்கான வகையை அனுப்பிவைத்தது. திருப்பியெடுக்கச் சொன்னபோது, "இரண்டும் ஒன்றுதான், நீங்கள் வாசித்துப் பாருங்கள்" என்றார்கள். ஒன்றல்ல. கிட்டாருக்கான வகை அடிச்சுரத்தை மெலியவைத்து, பலமாகச் சுண்டினால் கரகரக்கும். மாற்றுவதற்கான கூரியர் செலவு இருபுறமும் என் தலையில்தான் விழுந்தது. கொழும்பில் இருப்பவர் கடைக்கு நேரே போய்ச் சண்டை பிடிக்கலாம். முந்நூறு கிலோமீற்றருக்கு இப்பால் இருப்பவனை யாரும் வாடிக்கையாளனாகவே மதிப்பதில்லை என்பது அன்று உறைத்தது. பேஸ் வாசிப்பவனை மேடையிலும் அப்படித்தான் நடத்துகிறார்கள். பாடகருக்கும் கீபோர்ட்டுக்கும் தங்கள் ஒலியைத் தாங்களே கேட்பதற்கான மொனிட்டர் ஸ்பீக்கர் வைப்பார்கள். எங்களை டிரம்முக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "கேக்கும் தானே" என்பார்கள். தன் ஒலியைத் தானே கேட்க வேண்டும் என்பது எங்களுக்கும் பொருந்தும்.

உங்கள் பேஸின் ஜாக் முன்பக்கத்தில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விளிம்பில் இருந்தால், இருந்து வாசிக்கும்போது செருகிய சாதனம் தொடையில் முட்டி ஜாக்கை நெம்பும். ஒரு அடி நீளமான நீட்டிப்பு வயர் அதற்குப் போதும்.

அனுபவசாலிகள் சிலர் இதைப் படித்துவிட்டு, சூம் பி1 ஃபோர் போன்ற, பல ஒலிவகைகளைக் கொண்ட கால்மிதிச் சாதனம் இதைவிடப் பயனுள்ளது, அதுவும் பற்றரியில் இயங்கும், ஹெட்போனும் பொருத்தலாம் என்று சொல்லக்கூடும். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் கையடக்கமானது என்று கேட்டிருக்கிறார். அத்தனை ஒலிவகைகளும் ஒரே இடத்தில் கிடைத்தால், பழகும் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் குமிழ்களைத் திருகுவதில் போய்விடும் என்பது நான் கண்டது. வேறு சிலர், அந்தக் காலத்தில் நாங்கள் எதுவும் இல்லாமல் கிட்டாரின் உடலை அலுமாரியோடு சாய்த்துவைத்துப் பழகினோம் என்பார்கள். நானும் அதைச் செய்திருக்கிறேன். பலகை தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்கித் தரும். ஆயினும், கேட்க வேண்டும் என்பதற்காகத் தேவைக்கு மேல் பலமாகச் சுண்டும் பழக்கம் அதில் ஒட்டிக்கொள்ளும், அதை விடுவிப்பது கடினம்.

காதையும் கவனியுங்கள். தாழ்ந்த சுரங்களுக்கு மனிதக் காது மந்தம் என்பதால் பேஸ் வாசிப்பவர்கள் அறியாமலே ஒலியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு எல்லை என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். பேஸ் குறைவாகக் கேட்டால் ஒலியைக் கூட்டுவதற்கு முன் ஹெட்போன் சரியாக அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டையும் ஒரே மாதத்தில் வாங்க வசதியில்லை என்றால், இந்த மாதம் ஹெட்போனை வாங்கி, உங்கள் பாட்டுகளின் பேஸை அதில் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றுங்கள். அடுத்த மாதம் அம்பை வாங்குங்கள். கிட்டாரின் பின்பக்கத்தில் 9 வோல்ட் பற்றரிக்கான சிறு பெட்டி இருக்கிறதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். இருந்தால், பழகி முடித்ததும் செருகிய சாதனத்தை ஜாக்கிலிருந்து கட்டாயம் கழற்றிவிட வேண்டும். ஜாக்கில் ஏதாவது செருகியிருக்கும் வரை கிட்டாருக்குள் இருக்கும் பற்றரி கரைந்துகொண்டே இருக்கும்.