ஒற்றர் கதையும் உடையார்குடிச் சுவரும்

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் புத்தகங்களில் பாதி கொலை, உளவு, தீவிரவாதம். கல்லூரியில் படிக்கும் என் மகன் விடிய விடிய இவற்றையே படிக்கிறான். புத்தி கெட்டு அந்த வழிக்கே போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ போன்ற நல்ல நூல்கள் இருக்க, இவற்றை ஏன் வாங்குகிறார்கள்? அகற்றச் சொல்லி நூலகருக்கு மனு எழுதியிருக்கிறேன். உங்கள் இதழ் ஆதரிக்குமா?
— ஒரு தந்தை, மன்னார்குடி

பதில்: ஆதரிக்காது.

நல்ல நூல் என்று நீங்களே சொன்னதை எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வெளிவந்த அந்தக் கதை, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. குதிரையில் வருகிறவன் இளவரசனின் அந்தரங்க ஓலையைச் சுமந்து செல்லும் தூதன். வழியில் அவன் சந்திக்கும் வீர வைஷ்ணவன் முதன்மந்திரியின் ஒற்றன். அன்று இரவே கடம்பூர் மாளிகையில் சதியாலோசனை நடக்கிறது; தூதன் அதை ஒளிந்திருந்து பார்க்கிறான். உளவையும் சதியையும் அரசியல் கொலையையும் எடுத்துவிட்டால் அந்த நாவலில் என்ன மிஞ்சும்? உங்கள் பிள்ளை கையில் இருப்பதும் அதே வம்சத்துப் புத்தகம்தான். உங்களுக்குப் பக்கத்து ஊரான வடுவூரின் துரைசாமி ஐயங்கார் ‘கும்பகோணம் வக்கீல்’ போன்ற மர்மக் கதைகளை எழுதியதும் இந்த மண்ணின் வாசகர்களை நம்பித்தான்.

ஒருமுறை மகனைக் கூட்டிக்கொண்டு காட்டுமன்னார்கோயில் போய்வாருங்கள். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் அதன் முன்னால் நின்றேன். வெளிச்சம் போதவில்லை. விரலால் தடவித் தடவித்தான் எழுத்தைப் பிடிக்க முடிந்தது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழன்’ என்ற சொற்கள் விரலுக்குத் தட்டுப்பட்டபோது உடம்பு சிலிர்த்தது. நாவலில் ஓலை கொடுத்தனுப்பும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. கொலை நடந்து பல ஆண்டுகள் கழித்து, முதலாம் ராசராசன் ஆட்சியின் தொடக்கத்தில் பிறந்த ஆணை அது. சொத்துப் பறிமுதல் ஆணை. குற்றவாளிகளோடு அது நிற்கவில்லை. உடன்பிறந்தார், பிள்ளைகள், மாமன்மார், அவர்கள் வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்று உறவு முறை சொல்லி வரிசையாகப் போகிறது.

ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று அந்தக் கல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார், ராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியர், திருப்புறம்பியத்துக்காரரான சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ஆயிரம் ஆண்டாகியும் வழக்கு முடியவில்லை. எனக்கோ வேறொரு கேள்வி. அந்தக் கொலையைப் பற்றி எதுவுமே அறியாத ஒரு மருமகன் வீட்டு வாசலில் பறிமுதல் செய்ய ஆட்கள் வந்து நின்றார்களே, அன்று அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? கல்வெட்டு அதைச் சொல்லாது. அந்த வீட்டுக்குள் நுழையத்தான் எழுத்தாளன் வேண்டும்.

இன்று உளவையும் தீவிரவாதத்தையும் பற்றி வரும் சிறந்த நூல்கள் அந்த வாசற்படியில்தான் நிற்கின்றன. பேட்ரிக் ராடன் கீஃப் 2018இல் எழுதிய ‘சே நத்திங்’ கதை அல்ல, நடந்தது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் 1972 டிசம்பரில், பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மெக்கான்வில் என்ற விதவையை பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வின் ஆட்கள் வீடு புகுந்து இழுத்துப் போனார்கள். பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் துப்புக் கொடுத்தாள் என்பது அவர்கள் சொன்ன குற்றம். 2003இல் ஒரு கடற்கரையில் எலும்புகள் கிடைத்தன. கூடவே துணியில் குத்தியிருந்த ஓர் ஊக்கு. குழந்தைகளின் இடுப்புத்துணிக்குக் குத்துகிற வகை. எப்போதும் அம்மாவின் உடையில் இருக்கும். அதைக் கொண்டுதான் பிள்ளைகள் அடையாளம் கண்டார்கள். அவர் துப்புக் கொடுத்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று 2006இல் காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி அறிவித்தார். இதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை துப்பாக்கி தூக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அந்த ஊக்கை அவனால் மறக்கவே முடியாது.

உங்கள் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நானும் பிள்ளை வளர்த்தவன். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்த மனநல மருத்துவர் மார்க் சேஜ்மன், தீவிரவாதக் குழுக்களில் சேர்ந்த 172 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரும்பாலோரை உள்ளே இழுத்தவை நட்பும் உறவும் என்பது அவர் கண்டது. ஆகவே மகன் என்ன படிக்கிறான் என்று கேட்கிற அளவுக்கு, யாரோடு பழகுகிறான், யாருமில்லாமல் தனித்துக் கிடக்கிறானா என்றும் கேளுங்கள். அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

குப்பை இல்லையா என்றால், இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. பெயரையும் மதத்தையும் பார்த்தே வில்லனைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லித்தரும் நாவல்களை நான் வெறுக்கிறேன். அவை வாசகனைச் சோம்பேறியாக்குகின்றன; பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகிக்கப் பழக்குகின்றன. ஓய்வுபெற்ற அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். ‘நான்தான் செய்தேன்’ என்பதற்கு அவர் சொல்லைத் தவிர வேறு சாட்சியே இராது. ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ என்றார் வள்ளுவர். ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார். அதோடும் விடவில்லை. ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பு என்று அடுத்த குறளில் சொல்கிறார். உளவு நூல் படிக்கும் உங்கள் மகனுக்கு முதலில் அந்த ‘ஒற்றாடல்’ அதிகாரத்தைக் கொடுங்கள். பத்தே குறள். இந்த நூலாசிரியருக்கு இது எப்படித் தெரியும், வேறு யார் இதைச் சொல்கிறார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்கப் பழகிவிடுவான்.

உங்கள் மனுவில் என் கையெழுத்து இராது. வேறொரு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்தை நானே போடுகிறேன். பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ அந்த நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள். அயல்நாட்டில் நடந்தவற்றை ஆதாரத்தோடு சொல்லும் நூல்களைத் தமிழில் கொண்டுவரும்படி பதிப்பகங்களுக்கும் எழுதுங்கள். வந்ததும் கொலை நாவல்கள் இருக்கும் அதே அலமாரியில், அவற்றுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.