பீச் வாலிபால் பதக்கங்கள்: வடசென்னையிலிருந்து கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நம்ம பக்கத்தில் வாலிபால் ஆடும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும், மணலில் பக்கத்துக்கு ரெண்டு பேராக ஆடும் பீச் வாலிபாலின் பதக்கங்களைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேள்விகளை நான் திருத்தவில்லை, கேட்டபடியே இருக்கின்றன.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவர்: அக்கா, ஒலிம்பிக்ல அதிகம் ஜெயிச்சது அமெரிக்காவா பிரேசிலா? ஃப்ரெண்ட்ஸ்குள்ள சண்டையே வந்துடுச்சு.

ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். தங்கத்தை மட்டும் எண்ணினால் அமெரிக்கா, எல்லாப் பதக்கத்தையும் எண்ணினால் பிரேசில். 1996 அட்லாண்டாவில் ஆரம்பித்து 2024 பாரிஸ் வரை 8 ஒலிம்பிக், ஆண்கள் பெண்கள் சேர்த்து 16 தங்கம். அதில் அமெரிக்காவுக்கு 7, பிரேசிலுக்கு 4, ஜெர்மனிக்கு 2, ஆஸ்திரேலியா, நார்வே, ஸ்வீடனுக்கு ஒவ்வொன்று. மொத்தப் பதக்கத்தில் பிரேசில் 14, அமெரிக்கா 11. ஆனால் இந்த ரெண்டு நாட்டின் ஆதிக்கமும் தளர்ந்துவிட்டது. டோக்கியோவில் பிரேசிலுக்கு ஒரு பதக்கம்கூட இல்லை, பாரிஸில் அமெரிக்காவுக்கு இல்லை. இரண்டுமே அதற்கு முன் நடக்காதது.

வியாசர்பாடி, பி.டி. மாஸ்டர்: ஆறு பேர் ஆடும் வாலிபாலிலும் மணலிலும் தங்கம் வாங்கியவர் யாராவது உண்டா?

ஒரே ஒருவர்தான் சார், அமெரிக்காவின் கார்ச் கிராய். 1984லும் 1988லும் உள்ளரங்க அணியில் தங்கம், 1996இல் கென்ட் ஸ்டெஃபஸுடன் மணலில் தங்கம், அப்போது அவருக்கு 35 வயது. அந்தத் தொடரின் காலிறுதியை உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள். எதிரில் நின்றவர் சின்ஜின் ஸ்மித், வயது 39, ஒரு காலத்தில் கிராயின் ஜோடியாகவே ஆடியவர், இப்போது கார்ல் ஹென்கலுடன் வந்திருக்கிறார். அன்றைய முறைப்படி சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் புள்ளி, மற்றவர்கள் ரேலியை ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கை மாறும், புள்ளி ஏறாது. அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சு முட்ட ஓட வேண்டியிருந்தது. 17-15 என்று கிராய் ஜோடி தப்பித்தது. இப்போதைய 21 புள்ளி ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ஆட்டத்தின் இழுபறி புதிதாக இருக்கும். அப்புறம் டோக்கியோவில் தங்கம் வாங்கிய அமெரிக்கப் பெண்கள் உள்ளரங்க அணிக்குப் பயிற்சியாளரும் இதே கிராய்தான்.

ராயபுரம், ஒரு அம்மா: என் பொண்ணு ஸ்கூல் டீம்ல ஆடுறா, உயரம் கம்மி. யாரைப் பார்த்து கத்துக்கலாம் சொல்லுங்க.

மிஸ்டி மே-ட்ரெய்னரைப் பார்க்கச் சொல்லுங்கள். கெர்ரி வால்ஷுடன் சேர்ந்து 2004, 2008, 2012 என்று தொடர்ந்து மூன்று தங்கம். மூன்று ஒலிம்பிக்கும் சேர்த்து 21 ஆட்டம் ஆடி 21லும் வெற்றி, விட்டது ஒரே ஒரு செட், அதுவும் லண்டனில் ஆஸ்திரியாவிடம். வால்ஷ் உயரம், நெட்டில் நின்று பிளாக் போடுவார், அதாவது எதிராளியின் அடியை எம்பிக் கையால் தடுப்பார். பின்னால் அந்தப் பெரிய மணல் பரப்பைத் தனி ஆளாகக் காப்பது மிஸ்டி. எதிராளி ஸ்மாஷுக்குக் கை ஓங்கும்போது மிஸ்டியின் காலைப் பார்க்கச் சொல்லுங்கள், பந்து எங்கே போகுமோ அந்தப் பக்கம் ஏற்கெனவே ஓர் அடி நகர்ந்திருப்பார், ஆனால் அந்த அடியை எதிராளி பார்க்க முடியாத நேரத்தில்தான் எடுத்து வைப்பார். இதைக் கற்றுக்கொள்ள உயரம் தேவையில்லை. ஆண்களில் பிரேசிலின் புருனோ ஷ்மிட் அப்படித்தான், 1.85 மீட்டர், இந்த ஆட்டத்தில் அது குள்ளம். அவர் அலிசனுடன் ரியோ 2016இல் தங்கம் வாங்கினார்.

அதே அம்மா: டிரெஸ் விஷயம் கேட்கலாமா? வீட்ல அதனாலயே வேண்டாங்கறாங்க.

தாராளமாகக் கேளுங்கள். 2012லேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள், ஷார்ட்ஸும் கை வைத்த மேல்சட்டையும் போட்டு ஆடலாம். ரியோவில் எகிப்தின் தோவா எல்கோபாஷி ஹிஜாப் அணிந்து, முழுக்கை, முழுக்கால் உடையில் ஒலிம்பிக் மணலில் ஆடினார். வீட்டில் அந்தப் படத்தைக் காட்டுங்கள். உடைக்காக ஒரு பெண்பிள்ளையின் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், அதற்கு இன்று எந்தக் காரணமும் இல்லை.

திருவொற்றியூர், வேலை பார்க்கும் இளைஞர்: எங்க பக்கம் கடல் அரிச்சு அரிச்சு கரை பூரா பாறாங்கல்லு கொட்டி வச்சிருக்காங்க. மணலே இல்லாம பீச் வாலிபால் எங்கக்கா ஆடுறது?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். துறைமுகத்துக்கு வடக்கே கரை போனது உண்மை, அந்த வேதனை எனக்கும் உண்டு. ஆனால் தம்பி, பதக்கப் பட்டியலைப் பாருங்கள். கடலே இல்லாத சுவிட்சர்லாந்து 2004இல் ஆண்களில் வெண்கலம், டோக்கியோவிலும் பாரிஸிலும் பெண்களில் வெண்கலம் வாங்கியிருக்கிறது. 2023 உலக சாம்பியன் ஆண்கள் ஜோடி செக் நாட்டின் பெருஷிச், ஷ்வெய்னர், அங்கேயும் கடல் கிடையாது. 2017 வியன்னாவில் ஆஸ்திரியாவின் டோப்ளர், ஹோர்ஸ்ட் உலக வெள்ளி. முதல் ஒலிம்பிக் போட்டியே அட்லாண்டாவுக்குத் தெற்கே, கடலுக்கு வெகு தூரத்தில், கொட்டிய மணலில்தான் நடந்தது. லண்டனில் குதிரைப்படை அணிவகுப்பு மைதானம், பாரிஸில் ஈஃபில் கோபுரத்து அடிவாரம். நிஜக் கடற்கரை என்றால் சிட்னியின் பாண்டை, ரியோவின் கோபகபானா.

ஆகவே தேவை மணல், கடல் அல்ல. கணக்குப் போட்டுச் சொல்கிறேன். கோர்ட் 16க்கு 8 மீட்டர், நாலு பக்கமும் ஓட 3 மீட்டர் விட்டால் 22க்கு 14. ஆழம் 40 சென்டிமீட்டர் என்றால் சுமார் 123 கன மீட்டர், நம்ம லாரிக்காரர் கணக்கில் ஏறக்குறைய 44 யூனிட். சலித்துக் கழுவிய மணலாக இருக்க வேண்டும். எம்-சாண்ட் போடவே போடாதீர்கள், அதன் துகள் கூராக இருக்கும், டைவ் அடித்தால் முழங்கையெல்லாம் சிராய்த்துவிடும். காசு அதிகம்தான், ஒரு வீட்டால் முடியாது. ஆனால் ஒரு பள்ளியோ கார்ப்பரேஷன் மைதானமோ ஒரு மூலையை ஒதுக்கினால் பல வருஷத்துக்கு நிற்கும். நாலு கிளப் சேர்ந்து கவுன்சிலரிடம் கேளுங்கள், இந்த அளவுகளை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

மணலி, பத்தாம் வகுப்பு: ஆசியால யாரும் மெடல் வாங்கலையா?

வாங்கியிருக்கிறார்கள். 2008 பெய்ஜிங்கில் சீனப் பெண்கள் வெள்ளியும் வெண்கலமும், அந்த வெண்கல ஜோடி ஷுவே சென், ஜாங் ஷி 2013இல் உலக சாம்பியன் ஆனது. ஆண்களில் கத்தாரின் ஷெரீஃப், அகமது டோக்கியோவில் வெண்கலம், ஆசிய ஆண்கள் ஜோடிக்கு ஒலிம்பிக்கில் அதுவே முதல் பதக்கம். ஷெரீஃப் பிறந்தது செனகல், அகமது பிறந்தது காம்பியா. இந்திய ஜோடி இதுவரை ஒலிம்பிக் பீச் வாலிபாலுக்கே போனதில்லை. பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு, நம்ம சென்னையில் ஒரு மூலையில் அடங்கிவிடும் ஜனத்தொகை, அந்த நாட்டுப் பெண்கள் 2018 காமன்வெல்த்தில் வெண்கலம் வாங்கினார்கள்.

கொருக்குப்பேட்டை, கிளப் ஆட்டக்காரர்: ஸ்வீடன் பசங்க ஆடுறது வித்தியாசமா இருக்கே, அது என்னது?

டேவிட் ஓமன், யோனாதன் ஹெல்விக். பாரிஸ் தங்கம், அப்போது இருவருக்கும் 22 வயது. வழக்கமாக முதல் டச் பாஸ், ரெண்டாவது லிஃப்ட், அதாவது கூட்டாளி அடிக்கத் தோதாகத் தூக்கிக் கொடுப்பது, மூன்றாவது ஸ்மாஷ். இவர்கள் ரெண்டாவது டச்சுக்கே எம்பிவிடுவார்கள். காற்றில் இருக்கும்போதே அடிக்கவும் செய்யலாம், கூட்டாளிக்குத் தூக்கியும் கொடுக்கலாம். பிளாக்கர் ரெண்டு பேரில் யாருக்காக எம்புவது என்று புரியாமல் நின்றுவிடுவார். டோக்கியோ சாம்பியனான நார்வேயின் மோல், சோரும் ஜோடியே பாரிஸில் வெண்கலத்தோடு திரும்பியது. நீங்கள் இதைப் பழக வேண்டுமானால் முதல் பாஸ் உயரமாக, நெட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். பாஸ் சரியில்லாமல் எம்பினால் வீண்.

எர்ணாவூர், ரெண்டு பேர் சேர்ந்து கேட்டது: நாங்க ஜோடியா ஆடுறோம், தோத்தா சண்டை வருது. ஜோடி மாத்திக்கலாமா?

மாற்றிக்கொண்டு ஜெயித்தவர்களும் உண்டு. பிரேசிலின் இமானுவேல் ரிகார்டோவுடன் 2004 தங்கம், 2008 வெண்கலம், அப்புறம் அலிசனுடன் 39 வயதில் லண்டனில் வெள்ளி. ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அனா பட்ரீசியா, டுடா கதை. சின்ன வயசில் ஒன்றாக ஆடி 2014 நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்கள். பிரிந்தார்கள். டோக்கியோவுக்கு வேறு வேறு ஜோடியோடு போனார்கள், இருவருக்குமே பதக்கம் இல்லை. 2022இல் மறுபடி சேர்ந்தார்கள், அந்த வருஷமே ரோமில் உலக சாம்பியன், 2024 பாரிஸில் கனடாவை மூன்று செட்டில் வென்று தங்கம். இந்த சீசன் முழுக்கச் சேர்ந்தே ஆடுங்கள். தோற்ற அன்றைக்கு ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம், மறுநாள் பயிற்சிக்கு முன்னால் பேசுங்கள். சர்வீஸ் எடுப்பது யார், நடுவில் வரும் பந்து யாருடையது, இந்த ரெண்டை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள், பாதிச் சண்டை அங்கேதான் கிளம்புகிறது.