ராபின் பிரபுவின் மெய்க்கீர்த்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பீட்டில்ஸ் இசைக்குழு நடித்த ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ படம் பார்த்தேன். முடியும் தறுவாயில் ஒரு கேளிக்கை விடுதி. ஒரு பெண் ஆடையைக் களைந்து ஆடுகிறாள். கூடவே ஒரு குழு ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பாணியில் பாடுகிறது. பீட்டில்ஸ் படத்தில் இவர்களுக்கு என்ன வேலை?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அவர்கள் போன்ஸோ டாக் டூ-டா பேண்ட். லண்டன் கலைக்கல்லூரிப் பையன்கள். பழைய ஜாஸ் பாட்டுகளைக் கிண்டலாக வாசிக்கத் தொடங்கி ராக் பக்கம் வந்தவர்கள்.

நீங்கள் பாட்டின் வரிகளைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். (நானும் முதல்முறை கவனிக்கவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.) ‘டெத் கேப் ஃபார் க்யூட்டி’ என்ற அந்தப் பாட்டில் ஒருத்தி இரவில் டாக்சி ஏறுகிறாள். ஓட்டுநர் சாலையைப் பார்க்காமல் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறான். சிவப்பு விளக்கு விழுகிறது, இருவரும் சாகிறார்கள். இதை குழுவின் பாடகர் விவியன் ஸ்டான்ஷல் எல்விஸைப் போலக் குழைந்து குழைந்து பாடும்போது, விடுதியில் இருக்கும் ஆண்கள் அத்தனை பேரும் மேடையில் ஆடுகிறவளையே வெறிக்கிறார்கள். பீட்டில்ஸின் லெனானும் ஹாரிசனும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நாமும்தான். கேலி யார் மேல் என்று இப்போது பாருங்கள். அவள் மேலாடை நழுவும் நேரத்தில் ‘தணிக்கை’ என்று ஒரு பட்டை வந்து மறைக்கிறதே, அது தனி நக்கல்.

1967 டிசம்பர் 26 அன்று பிபிசி இந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பியது. வண்ணத்தையே நம்பி எடுத்த படம்! பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. என் கணக்கில் அந்தப் படத்தில் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தவர்கள் போன்ஸோக்கள் மட்டுமே.

போன்ஸோ குழுவின் இன்னொரு தூண் நீல் இன்னஸ். அவரை மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் ‘மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்’ (1975) படத்தில் தேடிப் பாருங்கள். ஆர்தர் மன்னரின் வீரர்களில் ஒருவரான ராபின் பிரபுவுக்குப் பின்னால் பாடிக்கொண்டே போகும் பாணர் கூட்டத்தின் தலைவர் அவர்தான். மெய்க்கீர்த்தி போலத்தான் ஆரம்பிக்கும். கண்ணைத் தோண்டினாலும் அஞ்சாதவன், முழங்கையை முறித்தாலும் அஞ்சாதவன் என்று ஒவ்வொரு உறுப்பாக அடுக்கிக்கொண்டே போவார். பிரபுவுக்கு வியர்த்துவிடும். அவர் பயந்து ஓடியதும் அதற்கும் அதே பக்தியோடு ஒரு பாட்டு. ஸ்டான்ஷல் சாவைக் குழைந்து பாடியதும் இதுவும் ஒரே வித்தைதான்: முகத்தில் சிரிப்பே இருக்காது.

பிறகு கடுங்குளிரில் சோறில்லாமல் போகவே, அந்தப் பாணர்களையே அடித்துத் தின்றுவிட்டார்கள் என்றும் எல்லோரும் மிகவும் மகிழ்ந்தார்கள் என்றும் கதைசொல்லி அறிவிப்பார்.